பட்டியலில் ஒரு வரி, திறந்தால் ஒரு மனிதர்

கொழும்பின் கொட்டாஞ்சேனையில் அடகுக் கடைக்கு நகை மீட்கப் போகிறவரிடம் யாரும் முதலில் பெயரைக் கேட்பதில்லை. "சீட்டைத் தாங்கோ" என்றுதான் கேட்பார்கள். சீட்டில் உள்ள இலக்கத்தைப் பார்த்துப் பேரேட்டைப் புரட்டினால், எந்தத் திகதியில் எந்த நகை வைக்கப்பட்டது, எத்தனை கிராம், எவ்வளவு பணம், என்ன வட்டி என்பதெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். ஒரே ஆள் சித்திரையில் ஒரு சங்கிலியும் ஆடியில் இரண்டு காப்பும் வைத்திருக்கலாம். அவருடைய பெயரிலேயே பக்கத்துத் தெருவில் இன்னொருவர் இருக்கலாம். பெயரை மட்டும் நம்பினால் ஒருவருடைய தாலிக்கொடி இன்னொருவர் கைக்குப் போய்விடும். அடகுக் கடைக்காரர்களுக்கு இது எந்தக் கணினி வகுப்பிலும் படிக்காமலே தெரியும்.

வெள்ளவத்தையில் காலி வீதியிலோ கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளிலோ இருக்கும் ஒரு சிறிய கிளினிக்கை நினைத்துப் பாருங்கள். வரவேற்பு மேசையில் ஒரு கணினி. திரையில் நோயாளர் பட்டியல்: பெயர், வயது, தொலைபேசி, கடைசியாக வந்த நாள். முதியவர் ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை, போன மாசமும் வந்தனான்" என்கிறார். வரவேற்பில் இருக்கும் பெண் அவருடைய பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டுகிறாள். பட்டியல் சுருங்குகிறது. ஒரு வரியின்மேல் மவுஸை வைத்து இரண்டு தடவை கிளிக் செய்கிறாள். முழு விபரமும் கொண்ட படிவம் விரிகிறது: சீனி வருத்தம், பிரஷர், ஒத்துக்கொள்ளாத மருந்து, கடைசி இரத்தப் பரிசோதனை.

வரியைத் தொட்டதும் படிவம் திறக்கும் இந்தச் செயல் ஒரு விநாடிகூட எடுப்பதில்லை. திறந்த படிவம் அந்த முதியவருடையதுதான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? அதைத் தீர்மானிப்பது, அந்தக் கணினி நிரலை எழுதியவர் எதைப் பிடித்துக்கொண்டு பட்டியலிலிருந்து படிவத்துக்குப் போனார் என்பதுதான்.

பட்டியலும் படிவமும் இரண்டு வேறு தேவைகளுக்கானவை. பட்டியல் தேடுவதற்கு. அதில் நூறு பேரை ஒரே பார்வையில் மேயலாம். ஆனால் ஒவ்வொருவரைப் பற்றியும் நாலைந்து விடயங்களுக்கு மேல் அதில் இடமில்லை. படிவம் ஒருவரை முழுதாகப் பார்ப்பதற்கு. இரண்டையும் ஒரே திரையில் திணித்தால் பக்கவாட்டில் முடிவில்லாமல் நகர்த்த வேண்டிய நாற்பது பத்திகள்தான் மிஞ்சும். எக்செல்லில் நோயாளர் விபரம் வைத்திருக்கும் இடங்களில் இந்தத் தொல்லையைப் பார்க்கலாம். வலப்பக்கக் கோடிக்குப் போய்ச் சேரும்போது எந்த ஆளின் வரி இது என்பதே மறந்துபோகும்.

கொழும்புக்கு இந்த இரட்டை முறை புதிதல்ல. 1656 முதல் 1796 வரை நகரை ஆண்ட ஒல்லாந்தர், போர்த்துக்கேயரிடமிருந்து வந்த 'தோம்பு' என்ற பதிவேட்டு முறையை விரித்து எழுதினார்கள். தலைத் தோம்பில் குடும்பங்கள், அவற்றின் ஆட்கள், அவர்கள் அரசுக்குச் செய்யவேண்டிய ஊழியம். காணித் தோம்பில் அதே குடும்பங்களின் நிலங்களும் மரங்களும். ஆளை ஒன்றில் கண்டுபிடித்து, அவருடைய காணியை மற்றதில் பார்க்க வேண்டும். அந்தத் தோம்புகள் இன்றும் கொழும்பில் தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தபோது, இலங்கையில் உள்ள தொகுதியும் அதில் அடங்கியது. தோம்பு என்ற சொல்லும் நம்மிடம் தமிழ்ச் சொல்லாகவே தங்கிவிட்டது.

மேசைக் கணினிக்கு இந்த வசதி வந்தது 1980களில். அமெரிக்காவின் ஜெட் புரொப்பல்ஷன் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வெய்ன் ராட்லிஃப், அமெரிக்கக் கால்பந்துப் பந்தயத்தில் எந்த அணி வெல்லும் என்று கணிக்கத் தரவுகளைச் சேர்த்துவைக்க 'வல்கன்' என்று ஒரு நிரல் எழுதினார். அதுதான் பின்னர் டிபேஸ் 2 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. டிபேஸ் 1 என்று ஒன்று இருந்ததே இல்லை. முதற்பதிப்பில் பிழைகள் இருக்கும் என்று வாங்குகிறவர்கள் தயங்கக்கூடாதென்று 2 என்றே தொடங்கினார்கள். டிபேஸில் 'ப்ரவுஸ்' என்று தட்டினால் பட்டியல், 'எடிட்' என்று தட்டினால் ஒரு பதிவின் முழுப் படிவம். 1985இல் ஃபைல்மேக்கர் வந்தது. 1992 நவம்பரில் மைக்ரோசொஃப்ட் அக்செஸ் வந்து, சிறிய அலுவலகங்களின் மேசைகளைப் பிடித்துக்கொண்டது. அக்செஸின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் பட்டியலையும் படிவத்தையும் ஒரே சாளரத்தில் மேலும் கீழுமாகக் காட்டும் பிளவுப் படிவமும் சேர்ந்தது. காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு லிப்ரே ஒஃபிஸ் பேஸ் இருக்கிறது. அதில் பட்டியலை முதன்மைப் படிவமாகவும் விபரத்தை அதன் துணைப் படிவமாகவும் வைத்து, பதிவு இலக்கத்தால் இரண்டையும் பிணைத்துவிட்டால், வரி மாற விபரமும் மாறும்.

அக்செஸில் பட்டியல் வரியிலிருந்து படிவத்தைத் திறப்பதற்கு ஒரே ஒரு கட்டளை போதும். பட்டியல் வரியில் இரட்டைக் கிளிக் நடந்ததும் ஓப்பன்ஃபோம் என்ற கட்டளை ஓட வேண்டும். எந்தப் படிவம் என்பதை அதன் முதலாம் இடத்தில் சொல்ல வேண்டும். எந்தப் பதிவு என்ற நிபந்தனையை நான்காம் இடத்தில் சொல்ல வேண்டும்: 'பதிவு இலக்கம், இந்த வரியில் உள்ள பதிவு இலக்கத்துக்குச் சமம்'. புதிதாகப் பழகுகிறவர்கள் காற்புள்ளிகளை எண்ணத் தவறி நிபந்தனையை மூன்றாம் இடத்தில் போட்டுவிடுவார்கள். அந்த இடம் ஏற்கெனவே சேமித்துவைத்த வடிகட்டியின் பெயருக்கானது. அவர்கள் எழுதிய நிபந்தனை அங்கே நிபந்தனையாக வேலை செய்யாது.

இந்த நிபந்தனையில் பெயரை வைப்பவர்கள்தான் பெரிய தவறைச் செய்கிறார்கள்.

சிவகுமார் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் ஒரு கிளினிக்கில் பத்துச் சிவகுமார்கள் இருந்தால் யாரும் வியக்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் எஸ், ஐ என்று தொடங்குவார், மற்றவர் இடையில் ஒரு எச் சேர்ப்பார். தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னால் நிற்கும். சிலருக்கு அதுவே கடவுச்சீட்டில் விரிந்து பின்னால் போய்விடும். பெயரைக் கொண்டு 'முதலில் பொருந்துவதைக் கண்டுபிடி' என்று எழுதப்பட்ட நிரல், எந்தச் சிவகுமாரைத் தெரிவுசெய்தாலும் முதற் சிவகுமாரிலேயே போய் நிற்கும். திரையில் பெயர் சரியாக இருப்பதால் வரவேற்பில் இருக்கும் பிள்ளைக்குச் சந்தேகமும் வராது. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு இரண்டாவது சிவகுமாரின் படிவத்தில் யாரும் பார்க்காமல் கிடக்கும்.

கொட்டாஞ்சேனையில் இன்னொரு சிக்கல். புனித லூசியாள் பேராலயத்தைச் சுற்றிக் கத்தோலிக்கர் நிறைந்த பகுதி அது. போர்த்துக்கேய வழிவந்த குடும்பப் பெயர்களுக்கு அங்கே குறைவில்லை. டிசூசா என்பதைச் சிலர் ஆங்கிலத்தில் டி என்ற எழுத்துக்குப் பிறகு ஒற்றை மேற்கோள் குறி இட்டு எழுதுவார்கள். அக்செஸில் சொற்களை ஒற்றை மேற்கோளுக்குள் அடைத்து நிபந்தனை எழுதுவது வழக்கம். பெயருக்குள் இருக்கும் அந்தக் குறியைக் கணினி பெயரின் முடிவு என்று எடுத்துக்கொண்டு, பிழைச் செய்தி போட்டு நின்றுவிடும். இந்தத் தவறாவது சத்தம் போடுகிறது. முதற் சிவகுமாரின் தவறு மௌனமாக நடக்கிறது. அதனால்தான் அது கூடுதல் ஆபத்தானது.

தமிழில் பதிந்தாலும் தப்ப முடியாது. இலங்கையில் நெடுங்காலம் கோலோச்சிய பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தட்டச்சு செய்தால், கணினி உள்ளே சேமித்து வைப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். திரையில் தமிழாகத் தெரிவதெல்லாம் எழுத்துரு போடும் வேடம். அப்படிப் பதிந்த பட்டியல் அகர வரிசையில் அடுக்கப்படுவதில்லை. யுனிகோடில் தேடினால் ஆளும் அகப்படமாட்டார். பழைய பதிவுகள் பாமினியிலும் புதியவை யுனிகோடிலும் இருக்கும் இடங்களில், ஒரே மனிதர் இரண்டு மொழிக்காரரைப்போல இரண்டு வரிகளில் நிற்பார்.

அப்படியென்றால் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே பிடியாக வைத்துக்கொள்ளலாமே என்று பலருக்கும் தோன்றும். நல்ல யோசனைபோலத்தான் தெரிகிறது. அந்த இலக்கத்தின் அமைப்பே சுவையானது. பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் வீ அல்லது எக்ஸ் என்ற எழுத்தும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அந்த நாளோடு 500ஐக் கூட்டுவார்கள். 1985 மார்ச் 1ஆம் திகதி பிறந்த ஆணின் இலக்கம் 85061 என்று தொடங்கும். அதே நாளில் பிறந்த பெண்ணின் இலக்கம் 85561. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று வைத்தே எண்ணுவதால்தான் மார்ச் 1 என்றைக்கும் 61ஆம் நாள்.

2016இல் 12 இலக்க அட்டை வந்தது. ஆண்டு நான்கு இலக்கமாக விரிந்தது. நாளுக்குப் பின்னால் ஒரு சுழியம் சேர்ந்தது. கடைசி எழுத்து போய்விட்டது. 85561 என்று தொடங்கியவர் புது அட்டையில் 1985561 என்று தொடங்குகிறார். கணினிக்கு இவை இரண்டும் இரண்டு வேறு இலக்கங்கள். 2014இல் பழைய அட்டையோடு வந்தவர் இன்று புது அட்டையைக் காட்டினால், விபரம் தெரியாத நிரல் அவரைப் புது ஆளாகப் பதிந்து வெறும் படிவத்தை நீட்டும். பத்து வருட மருத்துவ வரலாறு பழைய இலக்கத்தின் கீழ் அப்படியே இருக்கும். தவிர, சிறு பிள்ளைகளுக்கு அடையாள அட்டை இல்லை. வெளிநாட்டில் பிறந்து விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வரும் பேரப்பிள்ளைகளிடமும் அது இருக்காது.

ஆகவே அடையாள அட்டை இலக்கம் தேடுவதற்கு உதவட்டும். பிணைப்பதற்கு, கணினி தானாக வழங்கும் தொடர் இலக்கமே வேண்டும். அதற்குப் பொருள் எதுவும் இருக்கத் தேவையில்லை. ஆள் பெயர் மாற்றினாலும், வீடு மாறினாலும், அட்டை மாறினாலும் அது மாறாமல் இருந்தால் போதும். அடகுச் சீட்டின் இலக்கமும் அப்படித்தான் இருக்கிறது.

பட்டியலில் ஒரே பெயர் பலமுறை வரும்போது சரியான ஒருவரை எப்படித் திறப்பது என்ற கேள்வி எவ்வளவு கனமானது என்பதைக் கொழும்பு 2004 டிசம்பர் 26க்குப் பின்னர் நேரில் கண்டது. சுனாமியில் இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த தன்னார்வலர்கள் சில வாரங்களில் 'சஹன' என்ற மென்பொருளை எழுதினார்கள். சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவி நிறுவனங்களையும் அது பதிந்தது. அது இணைய உலாவியில் இயங்கியது. ஆனால் வேலை அதே வேலைதான்: நீண்ட பெயர்ப் பட்டியலில் ஒரு வரியைத் தொட்டால் ஒரு மனிதரின் முழு விபரமும் விரிய வேண்டும். அதே மென்பொருள் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. ஒரு கிளினிக்கில் தவறான படிவம் திறந்தால் மறுபடி தேடலாம். தன் பிள்ளையைத் தேடிவந்த ஒருவர் முன்னால் அந்தத் தவறு நடக்கக்கூடாது.

சாதாரண நாளிலும் அது சிறு விடயமல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலம் பற்றிய தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. தரவு துல்லியமாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவர் கண்ணில் படும் திரையில் அயல்வீட்டுக்காரரின் படிவம் விரிந்தால், ஒழுங்கை முழுவதற்கும் அவருடைய வருத்தம் தெரிந்துவிடும்.

இரட்டைக் கிளிக் சரியாக வேலை செய்தாலும் வேறு சில இடறல்கள் உண்டு. படிவம் திறந்ததும் மற்ற நோயாளர் எல்லாம் அழிந்துவிட்டார்கள் என்று பயந்து, நிரல் எழுதியவரைத் தொலைபேசியில் அழைப்பவர்கள் இருக்கிறார்கள். யாரும் அழியவில்லை. ஒருவரை மட்டும் காட்டும் வடிகட்டி போடப்பட்டிருக்கிறது. படிவத்தின் அடியில் அது எழுதியும் இருக்கும். பட்டியலிலேயே புதுப் பெயரொன்றைத் தட்டி, அது சேமிக்கப்படுமுன் திறந்தால் வெறும் படிவம்தான் வரும். ஆகவே திறக்குமுன் சேமி என்ற ஒரு வரியைக் கட்டளைக்கு மேலே எழுதிவிட வேண்டும். பட்டியலின் அடியில் உள்ள வெற்று வரியில் கிளிக் செய்தால் இலக்கமே இல்லாததால் பிழை வரும். அங்கே ஒன்றும் செய்யாதே என்றும் சொல்லிவைக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. படிவத்தில் தொலைபேசி இலக்கத்தை மாற்றிவிட்டு மூடினால், பின்னால் உள்ள பட்டியல் பழைய இலக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கலாம். மீளக் கேட்டுப் புதுப்பி என்றால் பட்டியல் புதுப்பிக்கப்படும். கூடவே முதல் வரிக்கும் தாவிவிடும். மாலை ஆறு மணி, வாசல்வரை ஆட்கள், இருநூறாவது வரியிலிருந்த பிள்ளை மறுபடி மேலிருந்து தேடவேண்டும். நல்ல நிரலாளர் புதுப்பிக்குமுன் பதிவு இலக்கத்தைக் குறித்துவைத்து, புதுப்பித்தபின் அதே இலக்கத்தைத் தேடி, அதே வரியில் கொண்டுவந்து நிறுத்துவார். அதற்கு மூன்று நான்கு வரிகள் போதும். பேரேட்டுக் காலத்துக் கணக்கப்பிள்ளைகள் ஒரு கை விரலைப் பெயரின்மேல் ஊன்றிக்கொண்டுதான் மறு கையால் அடுத்த புத்தகத்தைப் புரட்டினார்கள்.