பூனைக்கு வரும் நீரிழிவு

தோட்ட லயங்களில் எலிக்காகப் பூனை வளர்ப்போர் பலர். நன்றாகத் தின்றும் மெலிந்து, ஓயாது நீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் பூனையை மூப்பென்று விட்டுவிடலாகாது. பின்னங்காற் குதி நிலத்திற்பட நடப்பின் நீரிழிவென்றே ஐயுறுதல் வேண்டும். மிருக வைத்தியர் இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து உறுதி செய்வார். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையிலும் காட்டலாம்.

இன்சுலின் ஊசி பெரும்பாலும் 12 மணிக்கொரு முறை. காலை பிரட்டுக்கு முன் ஒன்று, மாலை கொழுந்து நிறுத்து வந்தபின் ஒன்று என்றால் தொழிலாளருக்கும் இயலும். பூனை உண்ட பின்னரே ஊசி போடுக. உண்ணாத பூனைக்கு வழக்கமான அளவைப் போட்டால் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து, தள்ளாடி, வலிப்புக் கண்டு இறக்கவுங்கூடும். சர்க்கரை ஒருநாள் கூடுவதிலும் இவ்வீழ்ச்சியே கொடிது. உடனே ஈறில் தேனோ சீனிப்பாகோ தடவி வைத்தியரிடம் விரைக. வீட்டில் ஒருவர் போட்டதறியாது மற்றவரும் போடுவதுண்டு. சுவர்த்தாளில் குறித்தல் நன்று.

மில்லிலீற்றருக்கு 100 அலகுள்ள மருந்தை 40 அலகுச் சிரிஞ்சில் அளந்தால் இரண்டரை மடங்கு ஏறிவிடும். நுவரெலியாக் குளிரை நம்பி மருந்தைச் சன்னலோரம் வைத்தலும் தவறு. 2 முதல் 8 பாகை செல்சியசு வேண்டும், உறைந்தது பயனற்றது.

சோறு, ரொட்டி குறைத்து மீனும் முட்டையும் கொடுக்கலாம். தீனி மாறினால் ஊசியளவும் மாறுமாதலால் முன்னரே வைத்தியரைக் கேட்க. தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்ற சில பூனைகளுக்குப் பின்னர் ஊசியே தேவைப்படாமற் போவதுமுண்டு.