இருபது லிட்டர் கடலில் ஒரு மட்டி

திருவண்ணாமலையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மாடி அறையில் இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல்நீர், ஒரு கோமாளி மீன், கொஞ்சம் மணல். கடல் அவருக்கு நூறு கிலோமீட்டருக்கு அப்பால், புதுச்சேரியில். “தண்ணீர் சுத்தமாக இருக்க ஒரு மட்டி வாங்கி விடுங்கள், அது பாட்டுக்குக் கிடக்கும் என்று கடைக்காரர் சொல்கிறார். விடலாமா?” என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில் இன்னொரு கேள்வியும் உண்டு. வெளிநாட்டு வீடியோக்களில் மயில் நீலத்தில் மின்னும் மட்டியைச் சின்னத் தொட்டிகளில் வைத்திருக்கிறார்களே, அது நம்மூரில் கிடைக்குமா?

கடல்நீர்த் தொட்டியை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு அமோனியா நைட்ரேட் ஆகும் கதையையும், சமையல் உப்பு கடல் உப்பு ஆகாது என்பதையும் நான் சொல்லத் தேவையில்லை. நேராக மட்டிக்கு வருகிறேன்.

சின்னத் தொட்டி என்றாலே எல்லோரும் முதலில் உப்பைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். கவலை நியாயமானது. கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அக்னி நட்சத்திரத்தில், பாறை மலையின் அடிவாரத்தில், மின்விசிறி ஓடும் அறையில் இருபது லிட்டரில் ஒரு லிட்டர் ஆவியாகப் போனால், உப்பு போகாமல் தங்கி, 35 கிராம் 36.8 ஆகிவிடும். அதனால் தினமும் நல்ல தண்ணீரை ஊற்றி அளவைச் சரிக்கட்ட வேண்டும். அந்தத் தண்ணீர் போர்த் தண்ணீராக இருக்கக் கூடாது, ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி.

ஆனால் நம் கரையில் கிடைக்கும் மட்டிக்கு உப்பு பெரிய எதிரி இல்லை. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் மெரெட்ரிக்ஸ் காஸ்டா என்ற மட்டி உண்டு. கரையிலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருப்பதால், தமிழ்நாட்டில் இந்த மட்டியைப் போல ஆராய்ச்சிக்கு ஆளான சிப்பிகள் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் இறங்கும்போது அந்தக் கழிமுகத்தில் உப்பு ஏறக்குறைய இல்லாமலே போகும். சித்திரையில் கடலுக்குச் சமமாக ஏறும். இரண்டையும் அது ஓட்டை மூடித் திறந்து சமாளிக்கிறது. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் நம் வாசகர் கூட்டத்தோடு நடக்கும் அதே நாளில்தான் அங்கே ஓதம் நன்றாக வடியும். சேற்றுத் திட்டு வெளியே தெரியும். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் துழாவி மட்டி பொறுக்குவார்கள். வெயில், சேறு, நன்னீர், உவர்நீர் என்று இத்தனையும் தாங்கும் பிராணி இருபது லிட்டரில் ஏன் சாகிறது?

பசியால். நடுத்தர அளவுள்ள ஒரு மட்டி மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரைச் செவுள் வழியாக இழுத்து, அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளை வடித்துத் தின்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசகரின் கடல் முழுவதும் ஒரே நாளில் அதன் வயிற்று வழியாகப் போய் வந்துவிடும். மறுநாள் வடிகட்ட என்ன இருக்கிறது? கழிமுகத்தில் ஒவ்வொரு ஓதமும் புதுத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. தொட்டியில் மோட்டார் அதே தண்ணீரைத்தான் சுற்றிச் சுற்றிக் கொடுக்கிறது. மீனுக்குப் போடும் உருண்டைத் தீனி அதற்கு ஆகாது. ‘மட்டி தண்ணீரைச் சுத்தம் செய்யும்’ என்ற பேச்சு இங்கேதான் தலைகீழாகிறது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது என்றால் மட்டிக்குச் சோறு தீர்ந்துவிட்டது என்று பொருள். அழுக்கில் ஒரு பகுதி கரைந்து கிடப்பது. அதை மட்டி தொடுவதில்லை. தன் பங்குக்கு அமோனியாவைக் கழித்துவிட்டுப் போகும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உயிர்கள் கால், சிறகு, துடுப்பு எல்லாவற்றையும் உண்டாக்கிக்கொண்டன, சுழலும் அச்சை மட்டும் உண்டாக்கவில்லை என்று சொல்வார்கள். பாக்டீரியாவின் வாலை விதிவிலக்காகக் காட்டுவார்கள். மட்டியின் வயிற்றை அதிகம் பேர் காட்டுவதில்லை. அதன் இரைப்பையோடு ஒட்டிய ஒரு பையில், கண்ணாடி மாதிரித் தெளிவான, கூழ்த்தன்மையுள்ள ஒரு தண்டு கிடக்கிறது. படிகத் தண்டு என்று பெயர். எந்தச் சதையோடும் அது ஒட்டியிருப்பதில்லை. பையின் சுவரில் உள்ள நுண்மயிர்கள் ஒரே திசையில் அடித்து அடித்து அதைச் சுழற்றுகின்றன. சில இனங்களில் நிமிடத்துக்குப் பத்துச் சுற்று அளவில். தண்டின் தலை இரைப்பையின் எதிர்ச்சுவரில் உள்ள கடினமான ஒரு தகட்டில் உரசிக்கொண்டே சுழலும்.

வாயிலிருந்து வருவது பாசியும் சளியும் சேர்ந்த ஒரு மெல்லிய கயிறு. என் அத்தை வீடு ஆரணியில். தறி இருந்த வீடு. அங்கே தார் சுற்றும்போது பார்த்திருக்கிறேன்: ராட்டை சுழலச் சுழல பட்டிழை தானாக வந்து தாரில் ஏறும், இழையை யாரும் தள்ளுவதில்லை, சுழற்சியே இழுத்துக்கொள்கிறது. மட்டியின் தண்டும் சளிக் கயிற்றை அப்படித்தான் உள்ளே இழுத்துச் சுற்றுகிறது. மட்டியிடம் ஒரு கூடுதல் சாமர்த்தியம் உண்டு. அதன் தண்டே செரிமான மருந்தால் ஆனது. தகட்டில் உரசும் முனை கரையக் கரைய, மாவுப் பொருளை உடைக்கும் நொதிகள் வெளியேறி உணவோடு கலக்கின்றன. முன்னால் தேய்ந்த அளவு பின்னால் பை புதிதாகச் சுரந்து சேர்க்கிறது. போதாததற்கு, சுருள் வடிவப் பாக்டீரியா ஒன்று, கிரிஸ்டிஸ்பைரா, இந்தச் சுழலும் தண்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. உலகத்தில் வேறு எங்கே வாடகை வீடு கிடைத்தாலும் அதற்கு வேண்டாம்.

சாப்பாடு நின்றால் தண்டு சுருங்கும். பல இனங்களில் கரைந்தே போய்விடும். நீர் வடிந்து மட்டி வெளியில் கிடக்கும் சில மணி நேரத்திலேயே கரைந்து, ஓதம் ஏறியதும் மறுபடி உருவாகும் இனங்களும் உண்டு. ஆக, மட்டி தின்றதா இல்லையா என்பதற்கு நேரான சாட்சி உள்ளே இருக்கிறது. அதைப் பார்க்க மட்டியைப் பிளக்க வேண்டும். வெளியே ஓடு முன்பு போலவே இருக்கும், தட்டினால் மூடிக்கொள்ளும். உடலில் சேர்த்து வைத்த கிளைக்கோஜனைக் கரைத்தே வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஓட்டிவிடும். “மூன்று மாதம் நன்றாக இருந்தது சார், திடீரென்று செத்துவிட்டது” என்று இந்தப் பொழுதுபோக்கில் உள்ளவர்கள் சொல்வது இதைத்தான். அதில் ‘திடீர்’ எதுவும் இல்லை. அந்த மூன்று மாதமும் அது செத்துக்கொண்டிருந்தது. மணலுக்கடியில் செத்ததால் யாருக்கும் தெரியாமல் அழுகி, ஒரே இரவில் அமோனியாவை ஏற்றி, இருபது லிட்டரில் இருக்கும் மீனையும் கூட்டிக்கொண்டு போகும். மீனின் வாட்டம் முகத்தில் தெரியும். பசித்தால் நாய் வந்து காலை உரசும். முகமே இல்லாத பிராணியை விற்பவர்கள் அதன் தீனியையும் சேர்த்து விற்க வேண்டாமா? ‘அது பாட்டுக்குக் கிடக்கும்’ என்ற வாக்கியத்தில் நம் அலட்சியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

மயில் நீல மட்டிக்கு வருகிறேன். அது டிரிடாக்னா, ராட்சத மட்டிக் குடும்பம். அதன் பெரிய இனம் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் இருநூறு கிலோவுக்கு மேல் எடையும் வரும்; தொட்டிக்கு வருபவை சின்ன இனங்கள். தன் சதை விளிம்பில் பாசிகளைக் குடிவைத்து, அவை வெயிலில் சமைக்கும் சர்க்கரையைத் தின்கிறது. அந்த நீல மினுக்கலைத் தரும் உயிரணுக்கள் பாசிக்குத் தேவையான ஒளியை உள்ளே பரப்பி, அடுக்கடுக்காக நிற்கும் பாசிகளில் அடியில் இருப்பவற்றுக்கும் கொண்டுசேர்க்கின்றன என்று அமெரிக்க ஆய்வாளர் அலிசன் ஸ்வீனியின் குழு 2014இல் காட்டியது. பட்டினிப் பிரச்சினை இதற்குக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் இந்தியாவில் இவை வாழ்வது இலட்சத்தீவிலும் அந்தமான் நிக்கோபாரிலும். டிரிடாக்னா மாக்சிமா, டிரிடாக்னா ஸ்குவாமோசா இரண்டையும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அட்டவணையில், சேர்த்தார்கள். பவளமும் அதே ஆண்டு சேர்ந்தது. யாராவது ரகசியமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். தொட்டிக்கு அழகு என்று பவளப் பாறையைத் தேடுபவர்களுக்கும் இதே பதில். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன. சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்கு வெட்டி எடுத்ததன் விளைவு.

சரி, வாசகர் பிடிவாதமாகக் கழிமுக மட்டியையே வைப்பேன் என்றால் வழி இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. மட்டியின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு ஆழத்துக்கு நுண்மணல். பக்கத்தில் தனியாக ஒரு பாட்டிலில் ஐசோகிரைசிஸ் அல்லது கீட்டோசெரஸ் பாசி வளர்ப்பு. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை வளர்த்ததும் இத்தகைய பாசிகளைக் கொடுத்துத்தான். அதைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் மட்டி தின்னாததெல்லாம் அழுகும். ஓட்டுக்குக் கால்சியம் வேண்டும். லிட்டருக்கு 400 மில்லிகிராம் அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதமொருமுறை மணலிலிருந்து எடுத்து எடை போட்டுக் குறித்துவையுங்கள். குறைந்தால் பட்டினி.

அவ்வளவு சிரமம் வேண்டாம், அந்தத் தண்டுதான் பிடித்துப்போயிற்று என்றால் அவர் கடலுக்கே போக வேண்டியதில்லை. நம் ஏரிகளில் லாமெல்லிடென்ஸ் என்ற பெரிய கருஞ்சிப்பி இருக்கிறது. அதுவும் தண்ணீரை வடித்துத் தின்னும், அதே தண்டுள்ள ஜாதிதான். அதன் குஞ்சுகள் கொஞ்ச காலம் மீனின் செவுளிலோ துடுப்பிலோ தொற்றிப் பயணம் செய்துவிட்டுத்தான் சேற்றில் இறங்கும். ஆகவே சிப்பி தழைக்க அதற்குத் தோதான மீன் வேண்டும், மீனுக்குச் சாக்கடை கலக்காத ஏரி வேண்டும். பங்குனியில் நீர் குறையும்போது ஏரியின் ஓரச் சேற்றைப் பாருங்கள். குச்சியால் இழுத்த கோடு மாதிரித் தடம் ஓடும். அதன் முடிவில் விரல் நுனி அளவு ஓடு வெளியே தெரியும். உள்ளங்கை அளவுள்ள பெரிய ஓடுகள் மட்டும் கிடைத்து, சின்னது ஒன்றுகூட அகப்படவில்லை என்றால் அங்கே குஞ்சுகள் தழைக்கவில்லை; எந்த ஏரி என்று எனக்கு எழுதுங்கள்.