விலங்கொலி விளையாட்டும் மொழிபெயர்ப்பும்

மூன்று முதல் எட்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு விளையாட்டுவழிக் கல்வியை 2022ஆம் ஆண்டின் அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டம் வலியுறுத்துகிறது. அவ்வகைப் பாடங்களில் பெயர்க்கப்பட வேண்டுவது சொல்லா, பயிற்சியா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

இந்தியில் நாயின் குரைப்பொலி 'பௌ பௌ'. கரடியின் பெயர் 'பாலூ'. இரண்டும் மூச்சொலி கலந்த ஒரே பகரத்தில் தொடங்குவன. நாய்போல் குரைத்து, அவ்வொலியில் தொடங்கும் விலங்கைத் தேடும் விளையாட்டு ஒன்றைக் கொள்வோம். அது சொல்லின் முதலொலியை இனங்காணப் பயிற்றும். தமிழிலோ நாய் 'லொள் லொள்' எனக் குரைக்கும். 'கரடி' என்னும் சொல்லோடு அதற்கு ஒலியுறவு இல்லை. சொற்பொருள் பெயர்ந்தும் பயிற்சி கெடுகிறது.

இதற்கு ஈடாகக் குயிலையும் கிளியையும் கொள்ளலாம். குயில் 'கூ' என்னும். கிளி 'கீ' என்னும். முதல் மெய் மாறவில்லை. பெயரில் குறிலும் குரலில் நெடிலும் அமைகின்றன. பெயரின் முதலெழுத்துக்கு ஒரு கைதட்டலும் குரலுக்கு இரண்டும் எனக் கொண்டால், மாத்திரை வேறுபாட்டை இலக்கணம் அறியுமுன்னரே குழந்தை உணரும். கல், கால் எனப் பொருள் வேறுபடுத்தும் மொழியில் இவ்வுணர்வு எழுத்தறிவுக்கு அடித்தளமாகும்.

எனவே, விலங்கு மாறினும் பயிற்சி மாறாமையே இத்தகு மொழிபெயர்ப்பின் நேர்மை எனலாம்.