புது சாஃப்ட்வேர் போடும் முன்... ‘ரெஸ்டோர் பாயின்ட்’ மட்டும் போதுமா?

2018 அக்டோபர் 2. விண்டோஸ் 10-க்கான ‘1809’ என்ற பெரிய அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதை இன்ஸ்டால் செய்த சிலருக்கு அதிர்ச்சி. டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் இருந்த ஃபைல்களைக் காணோம்! புகார்கள் வந்ததும், சில நாட்களிலேயே அப்டேட் நிறுத்தப்பட்டது. கோளாறு சரிசெய்யப்பட்டு, நவம்பர் 13-ல்தான் மீண்டும் வெளியானது.

பத்தாயிரத்தில் ஒரு இன்ஸ்டாலேஷனில்தான் புகார் என்றது மைக்ரோசாஃப்ட். ஆனால், அந்த ஒன்று நம்ம லேப்டாப்பாக இருந்தால்?

ரெஸ்டோர் பாயின்ட் எதைக் காப்பாற்றும்?

‘ரெஸ்டோர் பாயின்ட் வெச்சிருக்கேன், பயமில்லை’ என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பாற்றுவது சிஸ்டம் ஃபைல்கள், டிரைவர்கள், ரெஜிஸ்ட்ரி செட்டிங்ஸ் போன்றவற்றைத்தான். கல்யாண போட்டோ, எக்ஸெல் ஷீட், புராஜெக்ட் ரிப்போர்ட் எதுவும் அதில் சேராது.

அதற்காக அது வேண்டாம் என்றில்லை. புது சாஃப்ட்வேரால் விண்டோஸ் தகராறு செய்தால், பழைய நிலைக்குத் திரும்ப அதுதான் எளிய வழி. ஸ்டார்ட் மெனுவில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்’ என்று தேடுங்கள். சி டிரைவுக்கு நேராக ‘ஆஃப்’ என்று இருந்தால், ‘கான்ஃபிகர்’ மூலம் ஆன் செய்யுங்கள். பிறகு ‘கிரியேட்’ அழுத்தி ஒரு பெயர் கொடுத்தால் போதும்.

ஃபைல்களுக்கு என்ன வழி?

தனியாக ஒரு காப்பி. முக்கியமான ஃபோல்டர்களை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்து, அதிலிருந்து நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறக்கிறதா? உடனே டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். ரான்சம்வேர் உள்ளே நுழைந்தால், இணைப்பில் இருக்கும் டிஸ்க்கையும் விட்டுவைக்காது.

‘கூகுள் டிரைவ்ல சிங்க் ஆகுதே’ என்பவர்கள் கவனிக்க: சிங்க் வேறு, பேக்கப் வேறு. கம்ப்யூட்டரில் ஒரு ஃபைல் அழிந்தால், கிளவுடிலும் அது குப்பைத்தொட்டிக்குப் போகும். 30 நாட்களுக்குள் மீட்காவிட்டால் நிரந்தரமாகப் போய்விடும்.

அதிகாரபூர்வ தளம் என்றால் ஆபத்தே இல்லையா?

சாஃப்ட்வேரை அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே டவுன்லோடு செய்ய வேண்டும். கூகுளில் மேலே தெரியும் முதல் லிங்க், விளம்பரம் போட்ட போலித் தளமாகவும் இருக்கலாம். ‘கிராக்’ செய்த சாஃப்ட்வேர் பக்கமே போகக் கூடாது.

ஆனால், அதிகாரபூர்வ தளமும் நூறு சதவீதம் உத்தரவாதம் இல்லை. 2017-ல் ‘சிகிளீனர்’ என்ற பிரபல சாஃப்ட்வேரின் 5.33 பதிப்பில் ஹேக்கர்கள் மால்வேரைச் சேர்த்துவிட்டார்கள். முறையான டிஜிட்டல் கையொப்பத்துடன், அதிகாரபூர்வ தளத்திலேயே அது ஏறக்குறைய ஒரு மாதம் கிடைத்தது. சுமார் 22.7 லட்சம் கம்ப்யூட்டர்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. இடம் பார்த்து டவுன்லோடு செய்தால் ஆபத்து குறையும். மீதி ஆபத்துக்குத்தான் பேக்கப்.

48 இலக்க சாவி எங்கே?

பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் செய்யப்பட்டிருக்கும். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் விண்டோஸ் 48 இலக்க ‘பிட்லாக்கர் ரெகவரி கீ’ கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே போக முடியாது. 2024 ஜூலையில் ‘கிரவுட்ஸ்டிரைக்’ அப்டேட் கோளாறில் சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கியபோது, பல அலுவலகங்களில் இந்தச் சாவியைத் தேடியே நேரம் போனது. பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் இது சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே பார்த்து, பேப்பரில் எழுதிவையுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐ.டி. டீமிடம் கேளுங்கள்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்ததால், பலர் விண்டோஸ் 11-க்கு மாறிவருகிறார்கள். பிடிக்காவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப பொதுவாக 10 நாட்கள்தான் அவகாசம். பேக்கப், சாவி இரண்டும் கையில் இருக்கிறதா என்று உறுதி செய்த பிறகே ‘இன்ஸ்டால்’ பட்டனைத் தொடுங்கள்.