கம்ப்யூட்டர்க் காவலும் நமது கடமையும்

ஏரிக்கரையில் நண்டு வளை கண்டவன் வாய்மூடிப் போவானாகில், கரை எவ்வளவு உயர்ந்ததாயினும் நில்லாது. இன்று நமது பாங்கிகள், ரேஷன் கடைகள், ஆஸ்பத்திரிகள், ரெயில்வே, மின்சார நிலையங்கள் யாவும் கம்ப்யூட்டர் மென்பொருளை நம்பியே நடைபெறுகின்றன. மனிதர் எழுதும் மென்பொருளில் பிழை நேராமலிராது. நேர்ந்த பிழையை யார் காண்பது, யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் அடைப்பது என்பதே கேள்வி. நிபுணர் சிலர் பார்த்துக்கொள்வர் என்று தேசத்தார் ஒதுங்கி நிற்கலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

நடந்ததைக் கவனிப்போம். 2017-ம் வருஷம் மே மாதம் 12-ந் தேதி வான்னாக்ரை என்னும் வைரஸ் சுமார் 150 தேசங்களில் பரவி, கம்ப்யூட்டர்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் சர்க்கார் வைத்திய சேவையில் சுமார் 19,000 சிகிச்சை முறைகள் ரத்தாயின. அது நுழைந்த துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோஸாப்ட் கம்பெனி மார்ச்சு 14-ந் தேதியே வெளியிட்டிருந்தது! மருந்து இரண்டு மாதம் அலமாரியில் இருந்தது; உண்பாரில்லை.

நமது தேசத்திலோ, 2022-ம் வருஷம் நவம்பர் 23-ந் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் ஸர்வர்கள் தாக்கப்பட்டன. ஏறக்குறைய இரண்டு வாரம் வேலைகள் கையெழுத்தாலேயே நடைபெற்றன. வலையமைப்பு தக்கபடி பிரித்து வைக்கப்படாததே காரணமென்று சர்க்காரே பார்லிமெண்டில் தெரிவித்தனர். அவதியுற்றவர் யார்? வெளியூரிலிருந்து வந்து வரிசையில் நின்ற ஏழை எளியவரே.

இந்தக் காவல் வேலை மந்திரமன்று, ஒழுங்கு. தம்மிடமுள்ள மென்பொருள்கள் எவை, எந்தப் பதிப்பு என்று ஜாபிதா வைத்தல். அறிவிக்கப்படும் குறைகளை அதனோடு ஒத்துப் பார்த்தல். 10-க்கு இத்தனை என்று வழங்கும் அபாய அளவைக் கொண்டு எதை முதலில் அடைப்பதென்று தீர்மானித்தல். திருத்தத்தைச் சோதித்துப் போடுதல். போட இயலாத இயந்திரத்தைத் தனியே ஒதுக்குதல்: இவையே அதன் அங்கங்கள். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்னும் சிறு மென்பொருட் பகுதியில், 10-க்கு 10 என்று மதிக்கப்பட்ட குறை வெளியாயிற்று. பெரிய கம்பெனிகளே திகைத்தன. அப்பகுதி தங்கள் மென்பொருளுள் எங்கே இருக்கிறதென்று பலருக்குத் தெரியவில்லை. ஜாபிதா இல்லாததன் பலன் அது.

பெரிய கம்பெனி இதற்கென ஆள் வைத்துக்கொள்ளும். ஜில்லாவிலுள்ள கூட்டுறவு பாங்கியும், நகரசபையும், சிறிய ஆஸ்பத்திரியும் என் செய்யும்? அங்கே பிரிண்டர் பழுதானாலும், வைரஸ் புகுந்தாலும் பார்ப்பவர் பெரும்பாலும் ஒருவரே. இத்தகைய தனி மனிதரை ஒன்று கூட்டுவதே ஊர்த் தொழிற் சங்கத்தின் பணி. 2001-ல் தோன்றிய ஓவாஸ்ப் என்னும் ஸ்தாபனத்துக்கு உலகெங்கும் ஊர்க் கிளைகள் உண்டு; சென்னையிலும் உண்டு. அதன் கூட்டங்களுக்கு எவரும் கட்டணமின்றி வரலாம். ஒருவர் கண்ட குறையை மற்றவர் கேட்கிறார். ஒருவர் போட்ட திருத்தம் எந்த வேலையைக் கெடுத்ததென்று மற்றவர் முன்னரே அறிகிறார். நம் முன்னோர் குடிமராமத்தென்று வீட்டுக்கு ஓர் ஆளாகக் கூடி ஏரியைப் பேணியதும் இவ்விதமே. பெருநகரத்தோடு இது நின்றுவிடலாகாது, ஜில்லாதோறும் வேண்டும்.

குறைகளைக் கூடிப் பேசினால் திருடனுக்கு வழிகாட்டுவதாகாதா என்று கேட்பாருளர். கேள்வி நியாயமே. அதற்கென்றே தொழிலறிந்தோர் முறையொன்று வகுத்துள்ளனர். குறை கண்டவன் முதலில் உடையவனுக்கு அந்தரங்கமாகத் தெரிவிப்பான், தவணை தருவான், 90 நாள் என்பது பலர் கைக்கொள்ளும் கணக்கு, பின்னரே வெளியிடுவான். இந்திய சர்க்காரின் செர்ட்-இன் ஸ்தாபனமும் இத்தகைய அறிக்கைகளைப் பெற்று இரு திறத்தாருக்கும் நடுநிற்கிறது.

தவணை தருவது வேறு, மறைப்பது வேறு. 2019 அக்டோபர் 29-ந் தேதி கூடங்குளம் அணுமின் நிலையத்தார், தாக்குதல் பற்றிய செய்தி பொய்யென்றனர். மறுநாளே அணுமின் கழகத்தார், நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டரொன்றில் வைரஸ் இருந்தது மெய்யென்றும், செர்ட்-இன் அதைச் செப்டம்பர் 4-ந் தேதியே கண்டதென்றும் ஒப்புக்கொண்டனர். உலையை இயக்கும் பகுதி தனித்திருந்தது என்றது ஆறுதலே. எனினும் முதல் நாளே மெய் கூறியிருப்பின் ஜனங்களின் நம்பிக்கை குலைந்திராது.

சட்டமும் சீர்பட வேண்டும். 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவின்படி, அனுமதியின்றிப் பிறர் கம்ப்யூட்டரில் நுழைந்தவன் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாளி. வஞ்சக எண்ணமிருப்பின் 66-வது பிரிவின்படி மூன்று வருஷம் வரை சிறை. திருடனுக்கு இது தகும். நல்லெண்ணத்தோடு குறைகண்டு தெரிவிப்பவனுக்கோ, இன்ன எல்லைவரை பாதுகாப்புண்டென்று தெளிவாகக் கூறும் வாசகம் அச்சட்டத்தில் இல்லை. வக்கீல் நோட்டீஸுக்கு அஞ்சி யோக்கியன் வாய்மூடினால் லாபம் யாருக்கு?

பிறரையே நம்பியிருப்பதன் அபாயமும் வெளிப்பட்டுவிட்டது. குறைகளுக்கு எண்ணிட்டு உலகுக்கு வழங்கும் ஸி.வி.இ. பதிவேடு 1999-ல் தோன்றி, அமெரிக்க சர்க்காரின் பணத்தில் நடப்பது. 2025 ஏப்ரலில் அதன் ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இத்தொழிலார் யாவரும் கலங்கினர்; கடைசி நேரத்திலேயே நீடிக்கப்பட்டது. அப்பதிவேட்டை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அந்நிய சர்க்காரின் வரவுசெலவுக் கணக்கில் ஒரு வரி அடிபட்டால் நமது காவல் தடுமாறுமென்பது சுயராஜ்யம் பெற்றோருக்கு அழகன்று.

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. சர்க்கார், நேர்மையான ஆராய்ச்சிக்குச் சட்டத்தில் இடம் வகுக்க வேண்டும். ஸ்தாபனங்கள், குறை தெரிவிக்கும் விலாசத்தைப் பகிரங்கமாக வைத்து, தெரிவித்தவனை மிரட்டாது நன்றி கூற வேண்டும். தொழில் கற்ற வாலிபர்கள் மாதம் ஒரு மாலையேனும் தங்கள் ஊரில் கூடி, நகரசபைக் குமாஸ்தாவுக்கும் விளங்கும் தமிழில் இவற்றைப் பேச வேண்டும். முன்னிரண்டும் பிறர் கையில் உள்ளன. மூன்றாவதற்கு எவருடைய உத்தரவும் வேண்டுவதில்லை, இம்மாதமே தொடங்கலாம்.