பெராக்சைடு கேனுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

நிட்டிங் மிஷினிலிருந்து இறங்கும் பருத்தித் துணி வெள்ளையாக இருப்பதில்லை. பருத்திக்கே உரிய மங்கல் மஞ்சளும் அங்கங்கே விதைத்தோலின் பழுப்புப் புள்ளியுமாக இருக்கும். அதைக் கண்ணைப் பறிக்கும் வெள்ளையாக்க, அவிநாசி, திருப்பூர் வட்டாரத்துச் சலவைப் பட்டறைகள் ஒரு காலத்தில் பிளீச்சிங் பவுடரையும் ஹைப்போகுளோரைட்டையும் நம்பியிருந்தன. குளோரின் நெடி தெருவரை வரும். சலவைக் கழிவும் சாயக் கழிவும் சேர்ந்து நொய்யலுக்குப் போகும். 2011 ஜனவரியில் பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்கு அந்த விவகாரம் முற்றியது. இன்று வெளுக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது ஹைட்ரஜன் பெராக்சைடு. வேலை முடிந்ததும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும் என்பதால் சூழலுக்கு நல்ல பிள்ளை என்று பெயரெடுத்திருக்கிறது. பட்டறையின் ஸ்டோர் ரூமில் அது அத்தனை நல்ல பிள்ளை இல்லை.

பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருப்பதுதான் முதல் தொல்லை. நிறம் கிடையாது. அருகில் போனால் லேசான காரநெடி தெரியலாம், அவ்வளவுதான். மருந்துக்கடையில் காயம் கழுவ விற்பது 3 சதவீதக் கரைசல். தலைமுடியின் நிறத்தை எடுக்க அழகு நிலையங்களில் பயன்படுவது பெரும்பாலும் 6 சதவீதம். கல்லூரி ஆய்வகத்துப் பழுப்பு பாட்டிலில் இருப்பது 30. பட்டறைக்குக் கேனில் வருவது வழக்கமாக 50 சதவீதம். நான்குக்கும் பெயர் ஒன்றே. அதனாலேயே, புண்ணில் ஊற்றி நுரை வருவதைப் பார்த்துப் பழகியவர்கள் கேனில் இருப்பதையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கணக்கு எவ்வளவு தவறு என்பதை ஒரு லிட்டரை வைத்தே பார்க்கலாம். 50 சதவீதப் பெராக்சைடு ஒரு லிட்டர் முழுதாகச் சிதைந்தால் ஏறத்தாழ 200 லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும். சிதையும்போது வெப்பமும் கிளம்பும். அந்த வெப்பம் மிஞ்சும் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோவதோடு நிற்காது. அதில் மூன்றில் இரண்டு பங்கை ஆவியாக்கவும் போதும். அதாவது இன்னொரு ஆயிரம் லிட்டர் நீராவி. கரைசலின் செறிவு 65 சதவீதத்தை ஒட்டி ஏறிவிட்டால் சொட்டுத் தண்ணீர்கூட மிஞ்சாது, எல்லாமே ஆவிதான். இவ்வளவும் மெதுவாக, மாதக்கணக்கில் நடந்தால் யாருக்கும் தெரியாது. மூடியை இறுக்கிய கேனுக்குள் சில நிமிடங்களில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பெராக்சைடு எரியாது. தீக்குச்சியைக் காட்டினாலும் பிடிக்காது. அது ஆக்சிஜனேற்றி, தான் எரியாமல் பக்கத்தில் இருப்பதை எரிய வைக்கும் ரகம். லாரியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் நிறச் சாய்சதுரத்தில் ஒரு வட்டமும் அதன்மேல் தீச்சுடரும் வரைந்து, கீழே 5.1 என்று போட்டிருப்பது இதைத்தான் சொல்கிறது. 20 முதல் 60 சதவீதம் வரையுள்ள பெராக்சைடுக்கு ஐக்கிய நாடுகள் அவை கொடுத்த அடையாள எண் 2014. ஆகவே ஸ்டோரில் கேனைப் பார்த்து அது ஆபத்தா இல்லையா என்று கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். மீதிப் பாதி, அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நம் ஊரில் பக்கத்தில் இருப்பது பருத்தி. பஞ்சு, நூல், துணி, அட்டைப்பெட்டி, மரப்பலகை. எல்லாவற்றுக்கும் மேலாக பனியன் வேஸ்ட். கையைத் துடைக்க, மிஷினைத் துடைக்க, தரையைத் துடைக்க இதைவிட மலிவாகவும் தாராளமாகவும் கிடைப்பது எதுவுமில்லை. கேன் கசிந்திருந்தால் கை தானாக ஒரு பிடி பனியன் வேஸ்டுக்குத்தான் போகும். துடைத்து மூலையில் போட்டாயிற்று; தரை காய்ந்துவிட்டது; வேலை முடிந்தது. மூலையில் கிடக்கும் துணியில்தான் மீதிக் கதை. சுத்தமான பெராக்சைடின் கொதிநிலை 150 டிகிரி செல்சியஸ், தண்ணீருக்கு 100. எனவே காயும்போது தண்ணீர் முதலில் பறக்கும், பெராக்சைடு பின்தங்கும். துணி காயக் காய அதில் உள்ள கரைசல் 50லிருந்து மேலே மேலே ஏறும். அதோடு கொஞ்சம் துருவோ எண்ணெயோ சேர்ந்துவிட்டால், யாரும் நெருப்பு வைக்காமலே துணிக்குவியல் தீப்பிடிக்கலாம். ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தபிறகும் நடக்கலாம். சிந்தியதற்கு மருந்து துணி இல்லை, தண்ணீர். நிறையத் தண்ணீர் விட்டு நீர்த்துப்போகச் செய்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் போகும் வழியில் தள்ளுவதுதான் முறை. மரத்தூள் போட்டு உறிஞ்ச வைப்பது துணியைவிட மோசம்.

துருவைப் பற்றிப் பட்டறைக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. வெளுத்து வந்த துணியில் குண்டூசி குத்தினதுபோல ஓட்டைகள் விழுந்து, லாட்டே ரிஜக்ட் ஆன அனுபவம் இந்தத் தொழிலில் புதிதல்ல. துணியில் ஒட்டிய ஒரு இரும்புத் துகள், அந்த ஓரிடத்தில் மட்டும் பெராக்சைடைத் தாறுமாறான வேகத்தில் சிதைக்கிறது. அந்த வேகத்துக்குப் பருத்தி இழை தாங்காமல் அறுந்துபோகிறது. இரும்பு, தாமிரம், மாங்கனீஸ் மூன்றும் இதில் கைதேர்ந்த வினையூக்கிகள். வெளுக்கும் தொட்டியான பாத்துக்குள் துணியில் ஓட்டை போடும் அதே வினைதான் கேனுக்குள் நடந்தால் கேனை உப்ப வைக்கிறது. துணியில் நடந்தால் அது தரப் பிரச்சினை என்று மேனேஜர்வரை போகிறது. கேனில் நடப்பதை ஸ்டோர்காரர் மட்டும் பார்த்துவிட்டு விடுகிறார். இரண்டையும் ஒரே ரெஜிஸ்டரில் எழுத வேண்டும் என்பது என் கட்சி.

காஸ்டிக் சோடா இன்னொரு விஷயம். பெராக்சைடு தன் வேலையைச் செய்யக் காரம் வேண்டும். பாத்தில் கார அமில எண் 10.5க்கு மேலும் சூடு 90 டிகிரிக்கு மேலும் இருந்தால்தான் வெளுக்கும் அயனி போதுமான அளவு உண்டாகும். கேனில் வரும்போது இதற்கு நேர் எதிரான நிலையில் வருகிறது: சற்று அமிலத் தன்மை, கூடவே சிதையாமல் பிடித்து வைக்கும் நிலைப்படுத்திகள். இரண்டும் ஒரே பாத்தில் சேருபவை என்பதால் ஸ்டோரிலும் காஸ்டிக்கையும் பெராக்சைடையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கும் வழக்கம் வந்துவிடுகிறது. அதைவிட ஆபத்து, இரண்டையும் அளக்க ஒரே மக்கு வைத்திருப்பது. காஸ்டிக்கை அளந்த மக்கைக் கழுவாமல் பெராக்சைடு கேனில் விட்டால், பாத்தில் நடக்க வேண்டியது கேனிலேயே தொடங்கிவிடும். எடுத்தது மிஞ்சிவிட்டது என்று திரும்பக் கேனில் ஊற்றுவதும் இதே குற்றம்தான். காசு போட்டு வாங்கியதைக் கொட்ட மனம் வராது, உண்மை. ஆனால் அரை லிட்டரை மிச்சம் பிடிக்கப் போய் முழுக் கேனையும் கெடுப்பது எந்தச் சிக்கனத்தில் சேர்த்தி?

வெயிலைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். சித்திரை மாதத்துத் தகர ஷெட்டில் நிற்கும்போது அந்தப் பயம் நியாயமாகவே தோன்றும். உண்மையில் சுத்தமாக இருக்கும் பெராக்சைடு வெயிலுக்கு ஓரளவு தாக்குப்பிடிக்கும். 30 டிகிரியில் ஓராண்டில் இழப்பது சுமார் 1 சதவீதம். 66 டிகிரியில் அதே இழப்பு ஒரு வாரத்தில். 100 டிகிரியில் நாளொன்றுக்கு 2 சதவீதம். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வேகம் இரட்டிப்பைச் சற்றுத் தாண்டுகிறது. நிழலும் காற்றோட்டமும் கட்டாயம் வேண்டும், ஆனால் அதைச் செய்துவிட்டோம் என்று நிம்மதியடைவதில்தான் தவறு நேர்கிறது. வெப்பம் படிப்படியாகத்தான் கெடுக்கும். அழுக்கு ஒரே பாய்ச்சலில் கெடுக்கும்.

கேன் மூடியில் சின்னதாக ஒரு மூச்சுத்துளை இருக்கும். இயல்பான சிதைவில் வரும் ஆக்சிஜன் வெளியேற அதுதான் வழி. “மூடி கசியுதுங்ணா, டேப் சுத்தி வெச்சிருக்கேன்” என்று ஸ்டோரில் யாராவது சொன்னால், அவர் நல்ல எண்ணத்தில் ஒரு குண்டைத் தயார் செய்திருக்கிறார் என்று பொருள். கேனைப் படுக்கப் போட்டாலும் அந்தத் துளைக்குப் பயனில்லை. காற்றுக்குப் பதில் திரவம் வரும். பெரிய ஆலைகளில் குழாயும் வால்வும் வைத்திருப்பார்கள். இரண்டு மூடிய வால்வுகளுக்கு இடையில் ஒரு முழம் குழாயில் பெராக்சைடு சிக்கிக்கொண்டாலும் அழுத்தம் ஏறி வெடிக்க இடமுண்டு. அதனால்தான் இதற்கென வரும் பால் வால்வுகளின் உருண்டையிலேயே ஒரு பக்கம் துளை போட்டிருக்கிறார்கள். பித்தளை வால்வு, இரும்பு வாளி, கால்வனைஸ் குழாய் மூன்றும் இங்கே ஆகாது. உயரடர்த்தி பாலித்தீன், முறையாகப் பதப்படுத்திய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போன்றவையே பொருந்தும்.

இனி லேப். ஒவ்வொரு சாயப்பட்டறையிலும் சின்னதாக ஒன்று உண்டு. கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் உண்டு. அளவு குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் லேபில்தான் அக்கம்பக்கம் மிக மோசம். பாட்டில்களை ஆங்கில அகரவரிசைப்படி அடுக்குவது நம் ஆய்வகங்களில் பழக்கம். அந்த வரிசைப்படி ஹைட்ரசினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிட்டத்தட்ட ஒட்டி உட்காரும், நடுவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும் இருந்தாலும் இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 163 ராக்கெட் விமானம் பறந்தது இந்த ஜோடியால்தான்: ஒரு டாங்கில் 80 சதவீதப் பெராக்சைடு, இன்னொன்றில் ஹைட்ரசின் ஹைட்ரேட்டும் மெத்தனாலும் கலந்த எரிபொருள். தீப்பொறியே வேண்டாம், சந்தித்தாலே பற்றிக்கொள்ளும். எழுத்து வரிசையில் அலமாரி அடுக்குவது நூலகத்துக்குச் சரி.

சரி, ஆக்சிஜனேற்றிகளையெல்லாம் தனியே பிரித்து ஒரே தட்டில் வைத்துவிடலாமா? அதுவும் கூடாது. பாத்தில் பெராக்சைடு எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் தரம்பார்த்தலைக் கவனியுங்கள். கூம்புக் குடுவையில் சில மில்லி மாதிரி, கொஞ்சம் நீர்த்த கந்தக அமிலம். பியூரெட்டிலிருந்து பொட்டாசியம் பெர்மாங்கனேட் சொட்டுச் சொட்டாக இறங்கும். விழுந்த ஊதாச் சொட்டு ஒவ்வொன்றும் குலுக்கக் குலுக்க மறையும், குடுவையில் பொடிப்பொடியாகக் குமிழி எழும், கடைசியில் ஒரு சொட்டில் இளஞ்சிவப்பு நிலைத்துவிடும். இரண்டும் ஆக்சிஜனேற்றிகளே. ஆனால் பெர்மாங்கனேட்டைச் சந்தித்தால் பெராக்சைடுதான் எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது. நீர்த்த கரைசலில் இது பிளஸ் டூ மாணவர் செய்யக்கூடிய அமைதியான பயிற்சி. செறிந்த பெராக்சைடில் பெர்மாங்கனேட் விழுந்தால் நொடியில் சூடான நீராவி பீறிடும். ஜெர்மானிய வி-2 ராக்கெட்டின் எரிபொருள் பம்பை ஓட்டிய டர்பைனுக்கு இந்த நீராவியைத்தான் பயன்படுத்தினார்கள். ஆகவே ஒரே மஞ்சள் சின்னம் ஒட்டியவை என்பதற்காக இரண்டு பாட்டிலையும் ஒரே தட்டில் வைப்பது சரியாகாது. தனித்தனித் தட்டம், இரண்டுக்கும் நடுவில் கணிசமான இடைவெளி, மரத்தட்டுக்குப் பதில் எளிதில் கழுவக்கூடிய தட்டு. 30 சதவீத பாட்டிலைக் குளிரில் வைப்பது நல்லதுதான், ஆனால் கரைப்பான்கள் இருக்கும் ஃப்ரிட்ஜில் வேண்டாம். பாட்டிலைத் திறந்த தேதியை லேபிளில் எழுதி வைப்பதற்கு ஒரு பேனாதான் செலவு.

கவனக்குறைவின் பெரிய கணக்குகள் வேறிடத்தில் இருக்கின்றன. 2000 ஆகஸ்ட் 12 அன்று ரஷ்யாவின் கூர்ஸ்க் நீர்மூழ்கி 118 பேரோடு மூழ்கியதற்கு, டார்பிடோவிலிருந்து கசிந்த செறிந்த பெராக்சைடே காரணம் என்று விசாரணை சொன்னது. அதற்கு 45 ஆண்டு முன்பே, 1955 ஜூனில், பிரிட்டனின் சைடன் நீர்மூழ்கி துறைமுகத்திலேயே இதே விதமாக வெடித்து மூழ்கியிருந்தது. நமக்குப் பக்கத்துக் கதை வேறு ஆக்சிஜனேற்றியுடையது: கரூர் நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்து 2015ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், ஏறத்தாழ 700 டன், 37 கண்டெய்னர்களில் சென்னை மணலியில் ஐந்து ஆண்டு கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்த பிறகுதான் அவசர அவசரமாக ஹைதராபாத்துக்குக் கிளப்பினார்கள். அங்கே கிடந்தது டன் கணக்கு என்பதால் செய்தியானது. ஸ்டோர் ரூமில் இருக்கும் சில கேன்களைப் பார்த்துப் பெய்ரூட்டை யாரும் நினைப்பதில்லை.

கேன் தொட்டால் சூடாக இருக்கிறது, உள்ளே இரைச்சல் கேட்கிறது, மூடியில் ஆவி வருகிறது: இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அதைத் தூக்கி வெளியே வைக்கப் போகக் கூடாது. ஆட்களை நகர்த்தி, தொலைவிலிருந்து தண்ணீரைப் பீய்ச்சித் தீயணைப்புக்கு 101 அடிப்பதுதான் வழி. தீ பிடித்துவிட்டாலும் தண்ணீரே மருந்து. சுவரில் தொங்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் காற்றைத் தடுத்துத் தீயை அடக்குவது. இங்கே ஆக்சிஜன் கேனுக்குள்ளிருந்தே வருவதால் அந்தத் தந்திரம் பலிக்காது. கையில் பட்டால் தோல் சுண்ணாம்பு தடவினதுபோல வெளுத்து ஊசி குத்துவதாகத் தோன்றும். திசுவுக்குள் எழுந்த ஆக்சிஜன் குமிழிகள் அவை. ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காட்ட வேண்டும். கண்ணில் பட்டாலும் முதலில் 15 நிமிடம் தண்ணீர், பிறகு ஆஸ்பத்திரி. பனியன் துணியால் ஆன கையுறை, தோல் செருப்பு இரண்டுமே எரியக்கூடியவை. ரப்பர் கையுறையும் கம் பூட்டும் கண்ணாடியும் போட வேண்டும். நனைந்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போடாமல் வாளித் தண்ணீரில் முக்க வேண்டும்.

காலி கேன் விஷயத்தில் நம் ஊர் பழக்கமே எதிரி. நல்ல கெட்டிப் பிளாஸ்டிக், தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. பழைய சாமான் கடைக்குப் போகும், அங்கிருந்து வீட்டுத் தண்ணீருக்கோ தோட்டத்து மோட்டாருக்கு டீசல் பிடிக்கவோ போகும். அடியில் ஒரு டம்ளர் பெராக்சைடு மிச்சமிருந்து அதன்மேல் டீசல் விழுந்தால், ஆக்சிஜனேற்றியும் எரிபொருளும் ஒரே பாத்திரத்தில் கூடிவிட்டன. பட்டறையை விட்டு வெளியேறும் முன்பே மூன்று முறையாவது தண்ணீர் நிரப்பிக் குலுக்கிக் கொட்டி, லேபிளைக் கிழித்து, மூடியைத் தனியே எடுத்துவிட வேண்டும். சப்ளையரே காலியைத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்றால் லோடு ஆர்டர் போடும்போதே அதையும் பேசி முடித்துக்கொள்வது நல்லது.