மழைக்கும் ஜல்லிக்கும் நடுவே ஆறு மில்லிமீட்டர்

காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் பல குழித்தறிகள். நெசவாளர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் காலை விட்டு மிதிப்பலகையை மிதிப்பார். ஐப்பசி அடைமழையில் அந்தக் குழிக்குள் தண்ணீர் வந்துவிட்டால் தறி நின்றுவிடும். தறி நின்றால் கூலியும் இல்லை. ஓரிக்கை போன்ற புறநகரில் அந்தத் தண்ணீர் இரண்டு வழியாக வரலாம். வேகவதிக்கும் பாலாற்றுக்கும் நடுவில் இருக்கிற ஊர், மழைக்காலத்தில் அடியிலிருந்தே ஊற்று கிளம்பும். அதை ஒன்றும் செய்வதற்கில்லை. இன்னொரு வழி, வீட்டு வாசலைவிட உயர்ந்துபோன தெரு. அது நாமாகத் தேடிக்கொண்டது.

கணக்கு எளிது. பழைய தாரின் மேலேயே ஒவ்வொரு முறையும் 25 மில்லிமீட்டர் கலவையைக் கொட்டி உருட்டினால், பன்னிரண்டாம் முறை தெரு ஓர் அடி உயர்ந்திருக்கும். சிமென்ட் சாலை என்றால் ஒரே மூச்சில் அரை அடி. 2021 மே மாதம், அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு இதைக் கண்டித்து உத்தரவு போட்டார்: பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே உயரத்துக்குத்தான் புதுச் சாலை போட வேண்டும். நல்ல உத்தரவு. டங்ஸ்டன் கார்பைடு பற்கள் பதித்த உருளை சுழல, மில்லிங் இயந்திரம் பழைய தாரைத் தூளாக்கிக்கொண்டு போவது பார்க்கவே அழகு. ஆனால் அந்த யானையைச் சந்துக்குள் திருப்புவது சுலபமில்லை. அதைவிட முக்கியமான கேள்வி, சுரண்டிப் போடும் அளவுக்குத் தெருவை ஏன் கெடவிட்டோம் என்பது.

எல்லாச் சாலையும் ஒரே காரணத்தால் கெடுவதில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், சோதனைக்கென்றே போட்ட சாலைகளில் ராணுவத்தினர் லாரிகளை ஓயாமல் ஓட்டினார்கள். அச்சின் மேல் இருக்கும் எடை கூடக் கூட, சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்கில் பெருகுகிறது என்பது அதில் தெரியவந்தது. எடை இரண்டு மடங்கானால் சேதம் பதினாறு மடங்கு. அரை டன் அழுத்தும் கார் அச்சோடு ஒப்பிட்டால், பத்து டன் அழுத்தும் லாரி அச்சு ஒரு லட்சத்து அறுபதாயிரம் மடங்கு சேதம் செய்கிறது! உத்திரமேரூர் சாலையில் பேருந்தும் ஜல்லி லாரியும் போகின்றன. அது எடையால் சாகிற சாலை. உள்தெருவில் ஓடுவது டூவீலரும் ஆட்டோவும் எப்போதாவது ஒரு தண்ணீர் லாரியும்தான். உள்தெருவைக் கொல்வது வெயிலும் மழையும்.

முதல் வேலை வெயிலுடையது. சூடும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்து தாரைக் கெட்டிப்படுத்துகின்றன. அதிலுள்ள இலகுவான எண்ணெய்ப் பகுதி குறைந்து கனமான மூலக்கூறுகள் பெருகும். புதிதில் கன்னங்கரேல் என்று இருந்த தெரு சில வருடங்களில் வெளிறுகிறது. அழுத்தினால் வளைந்து கொடுத்த தார் இப்போது விரிசல் விடுகிறது. கோணத்தில் குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மயிரிழை வெடிப்புகள் அவை.

அதற்குப் பிறகு மழையின் முறை. நம் பக்கத்து ஜல்லி பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கருங்கல். கொல்கத்தாவில் இருக்கும், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இதே வகை. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் அதை வைத்துத்தான் பல்லாவரத்துப் பாறைக்குப் பெயர் சூட்டினார். இருநூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கு முன், பூமியின் ஆழத்தில், ஏறக்குறைய ஈரமே இல்லாத சூட்டில் உருவான பாறை இது. ஆனால் உடைத்து ஜல்லியாக்கியதும் அதற்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை வந்துவிடுகிறது. சிலிக்கா நிறைந்த அதன் பரப்பு எண்ணெய்ப் பசையான தாரைவிடத் தண்ணீரையே விரும்பும். வெடிப்பு வழியாக இறங்கும் மழைநீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகுந்து, தாரைத் தோலுரிப்பதுபோல் உரித்துவிடும். மேலே போகும் டயர் அந்த நீரை உள்ளே அமுக்கி வெளியே இழுக்கும். முதல் ஜல்லி கழன்ற இடத்தில் குழி ஆரம்பம்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா. வாசுதேவன் கைவைத்தது இந்த இடத்தில்தான். 160 டிகிரிக்கு மேல் சூடேறிய ஜல்லியின் மேல் பொடியாக நறுக்கிய பிளாஸ்டிக் பைகளைத் தூவினார். அரை நிமிடம், ஒரு நிமிடத்துக்குள் அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய உறையாகப் படிந்தது. அதற்குப் பிறகுதான் தார். உறை போர்த்த கல் தண்ணீரைத் தேடுவதில்லை. 2002-இல் கல்லூரி வளாகத்தில் போட்ட சாலையிலிருந்து 2018-இல் பத்மஸ்ரீ வரை அவர் பெயர் பரவியது. குப்பையை ஒழித்தார் என்றே எல்லோரும் பாராட்டுகிறார்கள். கல்லின் குணத்தை மாற்றினார் என்பது எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஏற்கெனவே போட்ட தெருவுக்கு என்ன வழி? வெடிப்பு மயிரிழையாக இருக்கும்போதே மேலே ஒரு மெல்லிய பூச்சு. தாரைத் தண்ணீரில் மிகச் சிறு துளிகளாகக் கலக்கிய எமல்ஷன்தான் இதற்கு அடிப்படை. துளிகள் சில மைக்ரான் அளவே இருப்பதால் திரவம் பழுப்பாகத் தெரியும். கலக்கும்போது சேர்க்கும் வேதிப்பொருள் துளிகளுக்கு நேர்மின்னூட்டம் தருகிறது. ஈரக் கருங்கல்லின் பரப்பிலோ எதிர்மின்னூட்டம். தண்ணீர் மேல் ஆசைப்படும் அதே பரப்பு இப்போது தாரைத் தன் பக்கம் இழுக்கிறது! துளிகள் கல்லில் ஒட்டி ஒன்றோடொன்று சேரச் சேரத் தண்ணீர் வெளியேறுகிறது. தெருவில் ஊற்றிய பழுப்புத் திரவம் கண்முன்னே கறுப்பாகும். அடுப்பு இல்லை, கொதிக்கும் தார் டின் இல்லை, புகை இல்லை.

எமல்ஷனை ஊற்றி மேலே சிப்ஸ் ஜல்லி தூவி உருட்டுவது ஒரு வகை. நியூசிலாந்தில் தார் போட்ட சாலைகளில் பெரும்பகுதி இதுதான். நம் தெருவுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஒட்டாத சிப்ஸ் சில நாள் டூவீலரைச் சறுக்கிவிடும், செருப்பில்லாத காலைக் குத்தும். பாலிமர் கலந்த எமல்ஷனோடு பொடிக்கல்லையும் கொஞ்சம் சிமென்ட்டையும் வண்டியிலேயே குழைத்து விரிக்கும் மைக்ரோ சர்ஃபேசிங் பொருத்தமானது. கனம் நான்கிலிருந்து எட்டு மில்லிமீட்டர் வரை. ஆறு என்றே வைத்துக்கொண்டாலும், நான்கு முறை போட்டாலும் பழைய பாணியில் ஒரு முறை போட்ட உயரம் வராது.

இந்தப் பூச்சு தெருவுக்குப் பலம் தராது, தண்ணீரை மட்டும்தான் தடுக்கும். கட்டம் கட்டமாக வெடித்து, நடந்தால் அசைகிற இடத்தில் அடிமண்ணே போய்விட்டது என்று பொருள். அங்கே எந்தப் பூச்சும் வீண். பாதாள சாக்கடைக்குத் தோண்டி மூடிய பள்ளத்துக்கும் அதே கதி. மண் ஒரு மழைக்காலமாவது அமர்ந்தால்தான் மேலே எதையும் போடலாம். மறுபடி தோண்டப்போவது உறுதி என்றால் பேவர் பிளாக் தேவலை, பெயர்த்து மறுபடி பதிக்கலாம்.

சிக்கல் பொறியியலில் இல்லை. நன்றாக இருக்கிற தெருவுக்குச் செலவழித்தால் கவுன்சிலரிலிருந்து டீக்கடை வரை கேள்வி வரும்; குண்டும் குழியுமான தெருவுக்குக் கனமாகக் கொட்டினால் பேனர் வைக்கலாம். அதையும் தாண்டி பங்குனி வெயிலில் வேலை தொடங்கினால், எமல்ஷன் கறுக்கும்வரை ஓரிரு மணி நேரம் டூவீலர்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவைக்க ஓர் ஆள் வேண்டும், கொஞ்சம் வாய்ச்சண்டைக்குத் தயாரான ஆளாக.